பெருநாள் தட்டுகளின் கால அட்டவணை

கெஃப்,
மே 14, புதன்கிழமை,
பகல் 1.10

என் அருமை மகள் ஹயாத்துக்கு, அப்பா கமைஸ் எழுதிக்கொள்வது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்தி யுஸ்ராவுக்கும் என் சலாம். இறைவன் அருளால் இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? யுஸ்ராவுக்கு விழுந்த முன்பல் முளைத்துவிட்டதா? முற்றத்து எலுமிச்சை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது. விசாரிப்பு முடிந்தது. இனி விஷயம். இருபதாம் தேதி டிக்கெட்டை உடனே ரத்து செய்துவிடு.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள், "அப்பா, நம்பர் என்ன? நம்பரை மட்டும் சொல்லுங்க" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வசீலா என்று ஒருத்தி, அவளைப் பற்றிப் பின்னால் வரும், அவள் தம்பி மகன் நூரி இன்று சாயங்காலம் நாலு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு துனிஸ் துறைமுகத்துக்குப் போகிறான், அங்கிருந்து கப்பல், பிறகு உங்கள் லியோன். கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஆக எனக்கு இரண்டு மணி ஐம்பது நிமிடம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு இது தாராளம். ஆனால் இந்த ஒரு பத்தி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன். வாசலில் ஒன்றும் இல்லை.

காரணம் மேசை மேல் இருக்கிறது. ஆய்வுக்கூடத்து உறை. என் மூன்று மாதச் சர்க்கரை எண் அதற்குள் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு வாங்கி வந்தேன், இன்னும் பிரிக்கவில்லை. பயம் என்று நினைக்காதே. வேலையில் இருந்த காலத்திலும் ரயில் தாமதமாக வரும் என்று தெரிந்தால், அது வருவதற்கு முன்பே தாமதத்துக்கான விளக்கத்தை எழுதி வைத்துவிடுவேன். ரயில் வந்த பிறகு எழுத நேரம் இருக்காது. இதுவும் அப்படித்தான். ஜனவரியில் எட்டு புள்ளி ஒன்பது இருந்தது. ஏழரைக்குக் கீழே வந்தால் நான் என் வீட்டிலேயே இருக்கலாம், வராவிட்டால் இருபதாம் தேதி நீ விமானம் ஏறி வந்து, வீட்டைப் பூட்டி, என்னை லியோனுக்குக் கூட்டிப் போய்விடுவாய் என்று நீதானே கட்டளை போட்டாய். ஏழரைக்குக் கீழே வந்திருக்காது என்று என் மனசுக்குத் தெரியும். அது ஏன் வரவில்லை, அதில் என் குற்றம் எவ்வளவு குறைவு என்பதைத்தான் இப்போது வரிசையாக எழுதப் போகிறேன்.

முதல் குற்றவாளி திஜானி. ஜனவரியில் காபிக்கடையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது, அவ்வளவுதான். சுற்றிய தலை மேசையில் இடித்தது, மேசை சாய்ந்தது, சீட்டெல்லாம் கொட்டியது. அந்த ஆட்டத்தில் நான் ஜெயிக்க இருந்தேன். அதை மறைக்கத்தான் அந்த மனுஷன் உடனே லியோனுக்குப் போன் போட்டு, உன் அப்பா விழுந்துட்டார் என்று உன்னிடம் அழுதிருக்கிறான். நாற்பது வருஷம் ரொட்டி அடுப்பு வைத்திருந்தவனுக்கு எதையும் கொஞ்சம் கூடவே சூடாக்கித்தான் பழக்கம். நீ பயந்துபோய், பண்பாட்டு மாளிகையில் நடக்கிற மூத்தோர் நல வகுப்பில் என்னைச் சேரச் சொன்னாய். சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் முதல் வரிசையில் திஜானி உட்கார்ந்திருக்கிறான். அவன் பிள்ளைகளுக்கு யார் போன் போட்டார்கள் என்று என்னைக் கேட்காதே.

வகுப்பு செவ்வாயும் சனியும், காலை பத்து மணி. நான் ஒன்பதரைக்கே போய்விடுவேன். நடத்துகிறவள் சிஹாம் என்கிற நர்ஸ், உன்னைவிட ஆறேழு வயசு சின்னவள். முதல் நாள் ஏழு நிமிடம் தாமதமாக வந்தாள், குறித்து வைத்தேன், அவளிடம் காட்டவும் செய்தேன். மற்றபடி நல்ல பெண். நாங்கள் பன்னிரண்டு பேர். தரையிலிருந்து எப்படி எழுந்திருப்பது, எந்தச் செருப்பு வழுக்காது, சாப்பாட்டுத் தட்டில் பாதி ஏன் காய்கறியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒற்றைக்காலில் இருபது விநாடி நிற்கச் சொன்னாள். நான் ஒன்பதாவது விநாடியில் திஜானி மேல் விழுந்தேன். அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

இரண்டு பாடங்களை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் நடந்த எல்லா ரகளைக்கும் இவைதான் காரணம். ஒன்று, ஜோடி விதி. தனியாக இருக்கிறவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தாள். தினமும் காலை ஒன்பதுக்குள் ஒருவரையொருவர் போனில் கூப்பிட வேண்டும், போன் எடுக்கவில்லை என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கதவு திறக்கவில்லை என்றால் மற்ற எல்லோரையும் கூப்பிட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் வசீலா. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கோட்டைக்குக் கீழே நூற்றுப் பன்னிரண்டு படி ஏறினால் அவள் வீடு, நாக்கு அவளுக்கு வெங்காயம் நறுக்குகிற கத்தி. இரண்டாவது பாடம், இனிப்பு. சிஹாம் எங்களைக் கையைத் தூக்கச் சொல்லி வாக்கு வாங்கினாள். "மாமா, மாமி, எல்லாரும் கேட்டுக்குங்க. இனிப்பு வீட்டுல இருந்தா சாப்பிடுவீங்க. அதனால வீட்டுல இருக்கவே கூடாது. பெருநாளைக்கு வந்தாலும் அன்னைக்கு மத்தியானமே வெளிய போயிடணும்." பன்னிரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம்.

மணி 1.55. எழுந்து போய் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, தடித்த காகிதம்.

நோன்புப் பெருநாள் வந்தது. காலையில் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ் போட்டு, போனை அணைத்து, விளக்கைப் போடாமல் சமையல்கட்டில் உட்கார்ந்து ஒரு அவித்த முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒன்பது பத்துக்கு வசீலா கதவைத் தட்டினாள். நான் அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை, போய்விட்டாள் என்று நிம்மதியாக முட்டையின் மறுபாதிக்கு உப்புப் போட்டேன். அவள் போகவில்லை, விதிப்படி மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கால் மணி நேரத்தில் முற்றத்து எலுமிச்சை மரத்தின் கிளைகளுக்கு நடுவே இரண்டு புதுச் செருப்பு தெரிந்தது. பக்கத்து வீட்டு மாடி வழியாக திஜானி இறங்கிக்கொண்டிருந்தான். எழுபத்து மூன்று வயசு. புதுச் சட்டை முழுக்க முள்ளு கிழித்திருந்தது.

"டேய், உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப போய்க் கதவைத் தொற. யாரையாவது ஏணி கொண்டாரச் சொல்லு. என்னால ஏறவும் முடியல, எறங்கவும் முடியல."

திறந்தேன். வசீலா நின்றாள், அவளுக்குப் பின்னால் வகுப்பில் பாதிப் பேர் நின்றார்கள், எல்லோர் கையிலும் தட்டு, திஜானியுடையதும் சேர்த்து. அவரவர் வீட்டுக்குக் காலையிலேயே அக்கம்பக்கத்திலிருந்து இனிப்பு வந்திருக்கிறது. வாக்குப்படி மத்தியானத்துக்குள் வெளியேற்ற வேண்டும். யாருக்குக் கொடுத்தால் பாவம் இல்லை? நம்ம வகுப்புக்காரனுக்குக் கொடுத்தால் அவன் எப்படியும் சாப்பிட மாட்டான் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். பேரீச்சை வைத்த மக்ரூத், கடலைமாவு குரைபா, பாதாம் வைத்தது, எள் தூவியது என்று ஏழு தட்டு என் வீட்டு மேசையில் உட்கார்ந்தன. வசீலா முட்டை ஓட்டையும் அணைந்திருந்த விளக்கையும் பார்த்தாள். "பெருநாளும் அதுவுமா இருட்டுல உக்காந்து முட்டையா தின்னுக்கிட்டிருக்கீங்க?" என்றாள். பல்பு போய்விட்டது என்றேன். அவள் போய் சுவிட்சைப் போட்டாள், எரிந்தது. அதை அணைக்காமலே போய்விட்டாள்.

இப்போது என் நிலைமையைப் பார். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது நம் ஊரில் வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி, உனக்கே தெரியும். என்னிடமோ திருப்பி வைத்துக் கொடுக்க ஒரு துணுக்கு கிடையாது. அரை மணி நேரம் அந்த ஏழு தட்டையும் சுற்றி நடந்தேன். பிறகு புத்தியில் பட்டது, இது எனக்குத் தெரிந்த வேலை. பெட்டியைக் கழற்றி வேறு இன்ஜினில் மாட்டுவதுதானே. திஜானி தட்டில் இருந்ததை வசீலா தட்டுக்கு மாற்றினேன், வசீலாவுடையதை அடுத்தவருக்கு, அவருடையதை அதற்கடுத்தவருக்கு. ஒரு காகிதத்தில் கோடு போட்டு எந்தத் தட்டு எத்தனை மணிக்கு எந்த வீட்டுக்கு என்று கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். மத்தியானத்துக்குள் ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், வாசலில் ஐந்து தட்டு. மற்ற பதினோரு பேரும் இதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அட்டவணை இல்லாமல்.

எட்டு நாள் இது நடந்தது மகளே, எட்டு நாள். காலையில் நான்கு தட்டு போகும், சாயங்காலம் ஐந்து வரும். பண்பாட்டு மாளிகைத் தெரு, சந்தை மேடு, கோட்டைப் படிகள் என்று இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, கீழே கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் ஏறி இறங்கினோம். எதிரே திஜானி தட்டோடு வருவான், நான் தட்டோடு போவேன், சலாம் சொல்லக் கை இருக்காது. புருவத்தைத் தூக்கிக்கொள்வோம். தூக்கிப் போடலாமே என்பாய், ரொட்டித் துண்டு கீழே கிடந்தால் எடுத்து முத்தமிட்டுச் சுவரோரம் வைத்துவிட்டுப் போகிற ஊரில் பெருநாள் இனிப்பை யார் குப்பையில் போடுவார்கள்? எனக்குத் தூக்கம் போய்விட்டது, அடுத்த தட்டு எங்கே நிற்கிறது என்பதே நினைப்பு. வேலையில் இருந்தபோதுகூட இப்படிக் கிடையாது, அங்கே ஒரே ஒரு தண்டவாளம்.

சனிக்கிழமை வகுப்பில் உடைந்தது. சிஹாம் தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வசீலா எழுந்து கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு மக்ரூத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது என் அச்சுல போட்டது. இதுல மூலை ஒடைஞ்சிருக்கு பாருங்க. ஒடைஞ்சதை திஜானிக்குத்தான் குடுத்தேன், அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு. நேத்து ஸ்டேஷன் மாஸ்டர் தட்டுல ஏறி எனக்கே வந்து எறங்கியிருக்கு. ஊரு சுத்திப் பாத்துட்டு வந்துச்சாக்கும்?"

என் அட்டவணையில் பிழை இல்லை, கடைசி நாளில் ஒரே ஒரு மாற்றுப் பாதை தப்பிவிட்டது. ஆனால் ஒருவர் கொடுத்ததை அவருக்கே திருப்பிக் கொடுப்பது எப்பேர்ப்பட்ட அவமானம். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. சிஹாம் விசாரணை ஆரம்பித்தாள். அந்த மக்ரூத் ஒன்பது வீடு போயிருக்கிறது. ஒருவராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், பன்னிரண்டு பேரும் பெருமையாக இல்லை என்று தலையாட்டினோம். திஜானியின் மீசையில் எள் ஒட்டியிருந்தது, ஆனால் நான் காட்டிக்கொடுக்கவில்லை. சிஹாம் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சட்டென்று நிறுத்தி, எட்டு நாளும் இந்தப் படியெல்லாம் ஏறி இறங்கினீர்களா, எத்தனை தடவை என்று கேட்டாள். நான் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் படித்தேன். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள், என்ன என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளே ஒரு வழி சொன்னாள், அது இன்னும் மோசம். தட்டு வெறுமையாகப் போகக் கூடாது, சரி, ஆனால் இனிப்புதான் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது, காய்கறி வையுங்கள் என்றாள். நான் கீழ்ப்படிகிற மாணவன். அன்றைக்குச் சாயங்காலமே திஜானியின் செப்புத் தட்டில், அது அவனுடைய அம்மா கல்யாணத்தில் வந்த தட்டாம், எனக்கு எப்படித் தெரியும், இரண்டு வெள்ளரிக்காய் வைத்து அனுப்பினேன். பெருநாள் தட்டில் வெள்ளரிக்காய் வைத்தவன் என்று காபிக்கடை முழுக்கச் சொல்லி மூன்று நாள் என்னோடு சீட்டு விளையாடவில்லை. நாலாம் நாள் அதே தட்டு அவன் வீட்டிலிருந்து ஒற்றை வெங்காயத்தோடு வந்தது. நான் விடுவேனா, ஒரு முள்ளங்கிக் கட்டு அனுப்பினேன். அவன் கீரை அனுப்பினான். மற்ற வீடுகளோடும் இதே கதைதான், ஒரு மாசத்துக்கு மேலாக. நேற்று ஒரு முழுப் பூசணியை அந்தச் சின்னத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவனே வந்தான், மூச்சு வாங்கிற்று, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பூசணிக்கு என்ன பதில் அனுப்புவது என்று காலையிலிருந்து யோசனையாக இருக்கிறது.

இப்போது மணி 2.40. என் வீட்டில் இந்த நிமிடம் அடுத்தவர் தட்டு இரண்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படி லியோனுக்கு வருவேன், நீயே சொல்.

ஹயாத், லியோனைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மா போன பிறகு என்னை நாற்பது நாள் அங்கே கூட்டிக்கொண்டு போனாய். நீ ஒரு குறையும் வைக்கவில்லை, மாப்பிள்ளை தன் நாற்காலியையே எனக்குக் கொடுத்தார். ஒரு நாள் நீங்கள் வேலைக்குப் போன பிறகு, கைரவானிலிருந்து நான் வாங்கி வந்த மக்ரூத்தில் எட்டைத் தட்டில் வைத்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தேன். அந்த அம்மாள் நல்லவள், கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மறுநாள் தட்டு திரும்பி வந்தது. கழுவி, துடைத்து, வெறுமையாக. மேலே பூப் படம் போட்ட நன்றிச் சீட்டு. அவள் மேல் தப்பில்லை, அவர்கள் பழக்கம் அது. ஆனால் நான் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாலாவது மாடியில் சாயங்காலம் வரை நின்றேன். அதனால்தான் நாற்பத்தோராம் நாள் ஊருக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தேன். உன்னிடம் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொன்னேன்.

பெருநாள் அன்று கதவை ஏன் சாத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. உன் அம்மா போன முதல் பெருநாள் துக்க வீடு, நாம் ஒன்றும் செய்யக் கூடாது, அது முறை. இரண்டாம் பெருநாளுக்கு அக்கம்பக்கத்திலிருந்து தட்டு வந்தது, எனக்குச் செய்யத் தெரியாது, கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் பிரித்து அடுக்கித் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்து மிக அன்பாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் பெருநாளிலிருந்து கதவைச் சாத்தினேன். போனில் உன்னிடம் வீடு நிறைய ஆள், மேசை நிறைய இனிப்பு என்று சொன்னதெல்லாம் பொய். உன் அம்மாவின் நீலப் பூத்தட்டு இத்தனை வருஷமாக அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. அதனால்தான் இந்தப் பெருநாளில் ஏழு தட்டு வந்தபோது எரிச்சலாகத் திட்டிக்கொண்டே தூக்கித் திரிந்தாலும், எட்டு நாளில் ஒரு நாள்கூட இதை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எண்ணுக்கு வருகிறேன். வகுப்பில் தலையாட்டிய பன்னிரண்டில் என் தலையாட்டல் பொய். தட்டு மாற்றும்போது உடைந்து விழுந்த குரைபாவை எடுத்து வாயில் போட்டேன், மூன்று. நான்கு. உடைத்தது நான்தானா என்று விசாரிக்காதே. ஆகவே எண் கூடியிருக்கும், அதற்கு இதுதான் காரணம், வகுப்பும் சிஹாமும் பொறுப்பல்ல. இப்போது என் வீட்டில் இனிப்பு என்று ஒரு துணுக்குகூடக் கிடையாது, சத்தியம் செய்கிறேன். எண் எதுவாக இருந்தாலும் நீ வர வேண்டாம். உனக்கு வேலை, யுஸ்ராவுக்குப் பள்ளிக்கூடம், வீண் அலைச்சல். இன்னும் மூன்று மாதம் தவணை கொடு. நான் இங்கே விழுந்தால் ஒன்பது பத்துக்கு வசீலா தட்டுவாள், ஒன்பது இருபத்தைந்துக்கு திஜானி மரத்தில் தொங்குவான். லியோனில் நான் விழுந்தால் நீ வேலை முடிந்து வரும் வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

உன் கையில் எடுத்ததெல்லாம் துலங்கட்டும். மாப்பிள்ளையின் முதுகை அல்லாஹ் நேராக்கட்டும். பேத்தியின் பல் வரிசையாக வரட்டும், அவள் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம் கொடு. திஜானி சலாம் சொல்லச் சொன்னான், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு, உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா,
கமைஸ்
(ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்)

பின்குறிப்பு, மணி 3.35: வசீலா வந்தாள், நூரிக்குக் கொடுக்க வேண்டியதை வாங்க. உறை பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நீங்க பிரிக்கிறீங்களா, நான் பிரிக்கவா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் கிழித்துவிட்டாள். ஏழு புள்ளி ஒன்று. இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். திஜானியும் வந்துவிட்டான், அவனுக்கும் இறங்கியிருக்கிறதாம். சிஹாமுக்குப் போன் போட்டால் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எட்டு நாளோடு நிற்கவில்லையே மாமா, பூசணி வரைக்கும் ஒன்றரை மாசமா அந்தப் படியெல்லாம் ஏறி எறங்குறீங்களே, அதுக்கப்புறமும் எறங்கலைன்னா எப்படி என்று கேட்கிறாள். அந்தச் சனிக்கிழமை நோட்டில் குறித்தது படிக் கணக்கைத்தானாம். ஆகவே மேலே நான் எழுதிய அத்தனை விளக்கமும் வீண். ஒற்றைக்காலில் நின்றேன், இருபத்திரண்டு விநாடி, திஜானியே எண்ணினான்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து உன் ஜனவரி மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஏழரைக்குக் கீழே வந்தால் நான் வரவில்லை, டிக்கெட்டை ரத்து செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வந்துவிட்டது. நீ வரப் போவதில்லை. ஜெயித்தவன் நான்தான், ஆனால் என்னமோ எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

வீட்டில் இனிப்பே இல்லை என்று சத்தியம் செய்தது பொய். நேற்று வசீலா பக்கத்தில் நின்று திட்டத் திட்ட, கடலைமாவை வறுத்து, வெண்ணெய் விட்டுப் பிசைந்து, நானே குரைபா செய்தேன், முதல் தடவை. சிலது கல்லு மாதிரி இருக்கும், யுஸ்ராவின் புதுப் பல்லுக்குக் கொடுக்காதே. தகர டப்பாவில் அனுப்புவதாக இருந்தேன். இப்போது மனசு மாறி உன் அம்மாவின் நீலப் பூத்தட்டில் அடுக்கி, துண்டில் சுற்றி, நூரியிடம் கொடுக்கிறேன். கார் வாசலுக்கு வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான்.

தட்டு திரும்பி வர வேண்டும் ஹயாத். தபாலில் போடாதே, யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே. இருபதாம் தேதி நீயே கொண்டு வா. வெறுந்தட்டாக இருந்தாலும் பரவாயில்லை.